பதினொரு தையல்

மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் தைத்தால் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அட்டையில் துளை போட்டு, பிளாஸ்டிக் ஊசியில் கம்பளி நூலைக் கோத்துக் கையில் கொடுத்தால், முதல் துளையில் நுழைந்த நூல் நாலாவது துளையில் எட்டிப் பார்க்கும். நடுவில் ஒரு தரம் அட்டையைச் சுற்றி வளைத்து, பிள்ளையின் சட்டையையும் சேர்த்துத் தைத்துவிடும். ஐந்து நிமிஷம் கழித்து அந்தப் பிள்ளை எழுந்தால் அட்டையும் வயிற்றோடு கூடவே எழுந்து வரும்.

அந்தப் பாலர் பள்ளியின் கைவேலை டீச்சர் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பாள், பிள்ளைகளைத் தட்டிக்கொடுப்பாள், ‘பிரமாதம்’ என்பாள். பன்னிரண்டு மணிக்குக் கடைசிப் பிள்ளையும் வாசலைத் தாண்டியதும் முழங்கால் மோவாயில் இடிக்க ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, அவ்வளவையும் பிரித்துத் தானே தைப்பாள். கோணலாக ஒட்டிய கண்ணைப் பிடுங்கி நேராக ஒட்டுவாள். காலுறைப் பொம்மைக்கு மூக்கு காதுக்குப் பக்கத்தில் இருந்தால் அதை மூக்கு இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருவாள். முட்டை அட்டையில் செய்த கம்பளிப்பூச்சி பச்சைக்குப் பதில் சேற்று நிறத்தில் இருந்தால், மேலே ஒரு பூச்சுப் பச்சை. ஒன்பது வருஷமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

யாருக்கும் நஷ்டமில்லை. பெற்றோர் நாளன்று தாய் தகப்பன்மார் வந்து பார்த்து, “நம்ம பிள்ளையா இதைச் செஞ்சது!” என்று மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். பெரிய டீச்சருக்கு வாயெல்லாம் பல். பிள்ளைகளோ ஒரு வாரத்தில் தாங்கள் என்ன செய்தோம் என்பதையே மறந்துபோய், காட்டியதைத் தங்களுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். ‘இதில் என்ன தப்பு?’ என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றினால்தானே? கூட்டிப் பெருக்குகிற ஆயாம்மா மட்டும் எப்போதாவது, “பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு நீங்க பிள்ளையா மாறிடுறீங்க டீச்சரம்மா” என்று கிண்டல் செய்வாள். டீச்சரும் சிரித்துவிட்டு ஊசியைக் கோப்பாள்.

அந்த வருஷம் துணிப் பை. நீல ஃபெல்ட் துணியை உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூன்று பக்கமும் சேர்த்து இருபத்திரண்டு துளை போட்டு, மஞ்சள் கம்பளி நூலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தைத்தால் கிரயான் போட்டுக்கொள்ள ஒரு பை. இருபத்தாறு பிள்ளைகளுக்கு இருபத்தாறு பை. முதல் நாளே பாதிப் பிள்ளைகள் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

ஓடாதவள் மிளகு. அது ஆயாம்மா வைத்த பெயர். ஆள் அத்தனை சின்னது, பேச்சில் அத்தனை காரம். நாலரை வயது. இடது கையால்தான் எதையும் செய்வாள். டீச்சர் இரண்டு தரம் ஊசியை அவளுடைய வலது கைக்கு மாற்றிப் பார்த்தாள். இரண்டு தரமும் அது தானாக இடது கைக்குத் திரும்பிப் போய்விட்டது. நூல் சிக்கினால் உதவிக்குக் கை நீட்டினாலே போதும், “நானே!” என்று முதுகைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு துளை. நல்ல நாளாக இருந்தால் மூன்று. ஆறாவது நாள், ஒரு வியாழக்கிழமை, அவள் பையைக் கொண்டுவந்து டீச்சர் மடியில் வைத்தாள்.

“மிச்சம் நாளைக்கு. பத்திரமா வச்சிருங்க. யாரும் தொடக்கூடாது.”

“சரிடி கிழவி,” என்றாள் டீச்சர்.

அன்று மத்தியானம் இருபத்தாறு பைகளையும் பிரித்துத் தைத்து முடித்தாள். மறுவாரம் பெற்றோர் நாள். வேலை தலைக்கு மேல் கிடந்தது. வெட்டிப்போட்ட மஞ்சள் நூலையெல்லாம் ஆயாம்மா கூட்டி அள்ளி, வெள்ளிக்கிழமை காலைக் குப்பை வண்டியில் போட்டாள். மிளகு அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னார்கள். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புதன்கிழமை விடியும்போது அவள் இல்லை.

பெற்றோர் நாள் சத்தமில்லாமல் நடந்து முடிந்தது. மிளகின் பையை டீச்சர் வெளியே வைக்கவில்லை. பீரோவில், வண்ணத் தாள் கட்டுக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். அதை எடுத்துப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பிள்ளைகள் போன நேரமாகப் பார்த்து மிளகின் அம்மா வந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங்கில் வேலை செய்கிறவள். தைத்து வருகிற ஒவ்வொரு உருப்படியையும் மேசையில் விரித்துத் தையல் சரியா என்று பார்த்து அனுப்புகிற வேலை. சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி இன்னும் கழுத்தில் நாடாவில் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் பதறி எழுந்து நாற்காலி போட்டாள். பள்ளியில் இருந்ததெல்லாம் குட்டி நாற்காலிதான். அதில் அந்தப் பெண் உட்கார்ந்தபோது பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“ஒண்ணு கேட்டு வந்தேன் டீச்சர். பாப்பா ஒரு பை தச்சுக்கிட்டு இருந்தா இல்ல?”

“ஆமா.”

“தினம் சொல்லுவா. இன்னைக்கு ரெண்டு ஓட்டை, இன்னைக்கு மூணு ஓட்டைன்னு. கணக்கு வாத்தியார் மாதிரி. கடைசியா வியாழக்கிழமை வந்து சொன்னா, பதினொண்ணு முடிஞ்சுதும்மா, இன்னும் பதினொண்ணுதான்னு. காய்ச்சல்லயும் அதே பேச்சுதான். பையை எடுத்துட்டு வரவான்னு கேட்டேன். வேணாம், டீச்சர் பத்திரமா வச்சிருப்பாங்க, யாரையும் தொட விடமாட்டாங்கன்னா.”

டீச்சர் தரையைப் பார்த்தாள்.

“வீட்டுல அவ சட்டை இருக்கு, செருப்பு இருக்கு, தண்ணி பாட்டில் இருக்கு. எல்லாம் நான் வாங்கினது. அவ செஞ்சதுன்னு ஒண்ணுகூட இல்ல. தாள் தாளா வரைவா. வீடு சின்னது டீச்சர். கட்டுக்கட்டா சேந்துச்சுன்னா நான்தான் அள்ளிக் குப்பையில போடுவேன். அவ தூங்கின அப்புறம் போடுவேன்.” அந்தப் பெண் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “அந்தப் பை ஒண்ணுதான். பாதியோட இருந்தாலும் பரவால்ல. பாதியோடதான் வேணும்.”

பீரோ சாவி டீச்சரின் இடுப்பில் இருந்தது. அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “பீரோ சாவி பெரிய டீச்சர்கிட்ட இருக்கு. நாளைக்கு இதே நேரத்துக்கு வாங்க. எடுத்து வைக்கிறேன்.”

“இருக்கு இல்ல? தொலைஞ்சுடல இல்ல?”

“இருக்கு.”

அந்தப் பெண் டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிஷம்தான் இருந்தது, அதை டீச்சர் விட்டுவிட்டாள். அவளைத் திட்டுவது சுலபம். ஆனால் எதிரே உட்கார்ந்து கேட்கிற தாயிடம், ‘உன் பிள்ளை தைத்ததை நான் பிரித்து எறிந்துவிட்டேன்’ என்று சொல்ல எத்தனை பேருக்கு நாக்கு எழும்? உண்மையைச் சொன்னால் அந்தத் தாய்க்கு என்ன கிடைக்கும், ஒன்றும் கிடைக்காது. சொல்லாவிட்டால் ஏதோ ஒன்றாவது கிடைக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயம் என்கிற சொல்லை மட்டும் பக்கத்தில் விடவில்லை.

முதலில் தேடினாள். அந்த வெள்ளிக்கிழமைக் குப்பை இப்போது எங்கே இருக்கும் என்று தெரிந்தும் தேடினாள். டிராயரைக் கவிழ்த்தாள், பெருக்குமாறை உதறினாள், பாய்க்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒரு மஞ்சள் இழை கிடைத்தது. அது யாருடையதோ.

“என்னத்தைத் தேடுறீங்க?” என்றாள் ஆயாம்மா.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததை இப்படி யாராவது தேடுவாங்களா?”

பிறகு பீரோவைத் திறந்து பையை எடுத்தாள். நீலத் துணியில் இருபத்திரண்டு மஞ்சள் தையல். ஒன்றுபோல் ஒன்று, அளவெடுத்த மாதிரி. அதுவரை அவள் அழவில்லை. அந்த அழகைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன செய்தாள் தெரியுமா? அந்தப் பையோடு போய், காலில் விழுந்து சொல்லியிருக்கலாம். ‘அவள் பாதி தைத்தாள், நான் முடித்து வைத்தேன்’ என்று பாதிப் பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பது வருஷமாகப் பிரித்துத் தைத்த கை. இருக்கிறதை இருக்கிறபடி ஒருவர் கையில் கொடுக்க அதற்குத் தெரியாது. அவள் இருபத்திரண்டு தையலையும் பிரித்தாள். ஊசியில் மஞ்சள் நூலைக் கோத்து, நாலரை வயதுப் பிள்ளை மாதிரி தைக்க ஆரம்பித்தாள்.

பதினொன்று. தாய் சொல்லிவிட்டுப் போன கணக்கு. முதல் தையலை இறுக்கமாக இழுத்துத் துணியைச் சுருங்க வைத்தாள். இரண்டாவதைத் தொளதொளவென்று விட்டாள். ஐந்தாவது துளையைத் தாண்டிப் போய், பிறகு நினைவு வந்தது போலத் திரும்பி வந்தாள். ஏழாவதில் ஒரு முடிச்சு. ஒன்பதாவதில் நூல் இரண்டு சுற்று. முதலில் அத்தனை முயன்றும் தையல் நேராகத்தான் விழுந்தது. கையைத் திட்டித் திட்டிக் கோணலாக்க வேண்டியிருந்தது. பதினொன்றாவது துளையில் நூலை அப்படியே ஊசியோடு தொங்கவிட்டாள். தூர வைத்துப் பார்த்தாள். அசல் பிள்ளை வேலை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நேரத்திலும் அவள் மனசின் ஒரு மூலையில், நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு சின்னத் திருப்தி எழுந்தது. வெட்கம் கெட்ட மனசு.

பக்கெட்டோடு வந்த ஆயாம்மா நின்று பார்த்தாள். “என்ன டீச்சரம்மா, இன்னைக்குத் தையல் கோணிக்கிட்டுப் போகுது?” என்று தொடங்கியவள், பையையும் டீச்சரின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அன்று தரையைத் துடைக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு அந்தத் தாய் வந்தாள். தலை வாரி, நல்ல சேலை உடுத்தி, கையில் ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்திருந்தாள். பையை அதில் வைத்துக்கொள்ளத்தான் அது என்று கேட்காமலே தெரிந்தது. டீச்சர் பையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அந்தப் பெண் வாங்கினாள். முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பிறகு மடியில் வைத்து ஒவ்வொரு தையலாக விரலால் தொட்டு எண்ணினாள். “ஒண்ணு... ரெண்டு... மூணு...” ஐந்தாவதில் சிரித்துவிட்டாள். “பாருங்க, தாண்டிப் போயிட்டு திரும்பி வந்திருக்கு கழுதை!” ஏழாவது முடிச்சைத் தடவித் தடவிக் கொடுத்தாள். “பதினொண்ணு. சரியா சொல்லிருக்கா பாருங்க டீச்சர். பொய்யே சொல்ல மாட்டா.” கண்ணீர் அவள் மூக்கு நுனியில் தொங்கி மடியில் விழுந்தது. டீச்சரும் அழுதாள். அது நடிப்பில்லை. சரி, நல்லதுதான் செய்தோம் என்று அந்த ஒரு நிமிஷம் அவள் முழுசாக நம்பினாள்.

ஆனால் அந்த விரல்கள் ஒரு நாளைக்கு நானூறு உருப்படி பார்க்கிற விரல்கள். அவற்றுக்குச் சும்மா தடவத் தெரியாது. எண்ணி முடித்த பிறகும் அவை தையலின்மேல் போய்க்கொண்டே இருந்தன. பையைத் திருப்பின. உள்பக்கத்தை விரித்தன. அந்தப் பெண் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பையைப் பிடித்தாள். அழுகை நின்றிருந்தது. தொழிற்சாலையில் ஒரு உருப்படியைத் தனியே எடுத்து வைக்கும் முன் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

“டீச்சர், இது எந்தக் கை?”

“என்ன?”

“இது எந்தக் கையால தச்சதுன்னு கேக்குறேன்.”

டீச்சர் பையை வாங்கிப் பார்க்கக் கை நீட்டினாள், அந்தப் பெண் கொடுக்கவில்லை.

“எங்ககிட்ட ரெண்டு பொண்ணுங்க இடது கைக்காரங்க. கைத்தையல் போட்டா அவங்களோடது மட்டும் இந்தப் பக்கம் சாயும். மத்தவங்க எல்லாருக்கும் அந்தப் பக்கம். எவ்வளவு கோணலா தச்சாலும் சாயுற பக்கம் மாறாது. முடிச்சுப் போட்டாலும் மாறாது.” அவள் குரல் உயரவே இல்லை. “என் பொண்ணு இடது கை.”

எத்தனையோ கோணலை யோசித்தவள் இந்தச் சாய்வை யோசிக்கவில்லை. டீச்சர் சொன்னாள். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், இருபத்தாறு பை, பிரித்தது, தைத்தது, குப்பை வண்டி, நேற்று மறுபடியும் பிரித்தது, மறுபடியும் தைத்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

“எல்லாப் பிள்ளைங்களோடதையுமா பிரிப்பீங்க?”

“எல்லாரோடதையும்.”

“எதுக்கு?”

“பாக்க நல்லா இருக்கணும்னு.”

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். “என் வேலையும் அதுதான். கோணல் தையலைப் பாத்தா, பிரிச்சுக் கொண்டான்னு திருப்பி அனுப்புறது. நீங்க எங்ககிட்ட வேலைக்கு வந்திருந்தா சீக்கிரம் சூப்பர்வைசர் ஆகியிருப்பீங்க.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

அவள் திட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று கொடுத்திருந்தாலும் டீச்சர் வாங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் மறுபடியும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, அன்றும் கழுத்து நாடாவில் தொங்கிய கத்தரியை எடுத்து, தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். துணியில் படாமல் நூலை மட்டும் வெட்டினாள். பதினொன்றும் விட்டதும் துண்டுகளை உருவி எடுத்து டீச்சர் முன்னால் மேசையில் வைத்தாள்.

“இது உங்களோடது.”

பிறகு இரண்டு நீலத் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீவினாள். வெறும் துளைகள் மட்டும் இருந்தன. “இந்தத் துணியை அவ கையில வச்சிருந்தா இல்ல? அதாச்சும் நிஜமா?”

“நிஜம். ஆறு நாள்.”

“சரி.” துணியைத் தகரப் பெட்டியில் வைத்து மூடினாள். எழுந்து வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். இத்தனைக்கும் பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அதுதான் டீச்சரால் தாங்க முடியாததாக இருந்தது.

“டீச்சர், பிரிக்கும்போது பாத்திருப்பீங்க இல்ல. எப்படி இருந்துச்சு அவ தையல்? இழுத்து இழுத்துத் தச்சிருந்தாளா, தொளதொளன்னு இருந்துச்சா? முடிச்சு இருந்துச்சா? எனக்கு அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் கேக்க மாட்டேன்.”

டீச்சர் கண்ணை மூடி யோசித்தாள். அந்த வியாழக்கிழமை மத்தியானத்தை மூலை முடுக்கெல்லாம் தேடினாள். மின்விசிறி சத்தம் ஞாபகம் இருந்தது. ஆயாம்மாவிடம் அரிசி விலையைப் பற்றிப் பேசியது ஞாபகம் இருந்தது. பைகள் குவியலாக இடப்பக்கம் இருந்ததும், ஒவ்வொன்றாக வலப்பக்கம் போனதும் ஞாபகம் இருந்தன. அதில் எது மிளகின் பை? பத்தாவதா? இருபதாவதா? அதை எடுத்தபோது கை நின்றதா என்றுகூடத் தெரியவில்லை. நேற்று அத்தனை நுணுக்கமாகத் தைத்தாளே, அந்த முடிச்சு, அந்தத் தாண்டல், எல்லாம் அவளே கற்பனை செய்தது. ஏதாவது சொல்லிவிடலாம். ‘ரொம்ப இறுக்கமா, அழகா இருந்துச்சு’ என்று சொன்னால் அந்தத் தாய் அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போவாள். வாய்வரை வந்தது.

“நான் பாக்கலங்க,” என்றாள் டீச்சர். “பிரிச்சேன். பாக்கல.”

அந்தப் பெண் இன்னும் ஏதாவது வருமா என்று கொஞ்ச நேரம் நின்றாள். பெரியவர்களில் ஒரே ஒருத்தி கைக்குத்தான் அந்தப் பதினொரு தையலும் வந்தன, அவளும் பார்க்கவில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதியது. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள்.